தாங்கல்

முதுகைப் பற்றி நான் யோசித்தது கிடையாது. முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். கையை, காலை, வயிற்றைப் பார்த்திருக்கிறேன். முதுகு என்று ஒன்று இருப்பது வலிக்கும்போதுதான் ஞாபகம் வரும். அப்போதும் அது வலியாகத்தான் தெரியுமே தவிர முதுகாகத் தெரியாது. இப்போது 71 வயதில், என் முதுகைப் பற்றி மூன்று மாதமாக ஒருவர் தினமும் காலையில் எனக்குச் சொல்லிவருகிறார். சிவப்பு இல்லை, சீழ் இல்லை, தையல் போட்ட இடத்தில் லேசாகத் தடிப்பு, பிளாஸ்டர் ஓரத்தில் நீ ராத்திரி சொறிந்த கோடு ஒன்று. நான் கேட்டுக்கொள்கிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

விஷயம் இதுதான். என் வலது சிறுநீரகத்திலிருந்து ஒரு ட்யூப் விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கமாக வெளியே வருகிறது. அதன் மறுமுனையில் ஒரு பை. அந்தச் சிறுநீரகத்தின் நீர் வழக்கமான பாதையில் இறங்காமல் பைக்குள் சொட்டுகிறது. இடது சிறுநீரகம் தன் வேலையைப் பழையபடி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆக, இரண்டு வழிகளில் நான் சிறுநீர் கழிக்கிறேன். ஒன்று என் இஷ்டப்படி. மற்றது தன் இஷ்டப்படி.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கல் வந்தது. எடுத்தார்கள். எடுத்த இடத்தில் ஆறிய தழும்பு சிறுநீர்க் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறது. வலி பெரிதாக இல்லை. அதுதான் கெடுதல். கீழே போக வழியில்லாத நீர் மேலே தேங்கி, சிறுநீரகத்தை உள்ளிருந்தே ஊதி, அதன் சதையை மெலிய வைத்துக்கொண்டிருந்தது. குளிர்காய்ச்சல் வந்து ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் திரையைக் காட்டி, "ஏரி மாதிரி நிக்குது பாருங்க" என்றார். கறுப்பாக ஒரு நீர்நிலை தெரிந்தது. கீழேயிருந்து ஸ்டென்ட் வைக்கப் பார்த்தார்கள். கம்பி சுருக்கத்தைத் தாண்டவில்லை. முன்வழி மூடியிருந்ததால் பின்வழி.

ஆஸ்பத்திரியில் இதற்குப் பி.சி.என். என்று பெயர். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீண்ட ஊசி ஒன்றை முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் இறக்குகிறார்கள். ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் ட்யூப். கம்பியையும் உருவிவிட்டால் ட்யூபின் நுனி பன்றிவாலைப் போலச் சுருண்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும். ஊசி, கம்பி, குழாய் என்ற இந்த வரிசை 1953இல் ஸ்வீடன்காரர் செல்டிங்கர் ரத்தக் குழாய்களுக்காகக் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தில் இப்படி ஒரு குழாயை முதலில் விட்டுவைத்தவர் அமெரிக்காவில் வில்லர்ட் குட்வின் என்கிறார்கள். 1955இல் அதை எழுதி வெளியிட்டார். அவர் ரத்தக் குழாயைப் படம் எடுக்கத்தான் ஊசியை இறக்கினார். ஊசி தவறி வீங்கிய சிறுநீரகத்துக்குள் போய்விட்டது. நீர் வந்தது. அவர் ஊசியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக வந்த நீரைப் பார்த்து யோசித்தார். தவறிப்போன ஓர் ஊசியின் வம்சத்தில் வந்தவன் நான்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கேட்டாள்: "டிரெஸ்ஸிங் யாரு பண்ணுவாங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் வெளியூரில். மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில் ஓர் அறையும் ஆறு அலமாரிப் புத்தகங்களும் நானும். தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் சிரித்தாள். "உங்க கை அங்க எட்டாது சார்."

எட்டவில்லை. ஒரு கை விரல்நுனிகள் எட்டுகின்றன. இரண்டு கையும் சேர்ந்து எட்டாது. கண் எட்டவே எட்டாது. மனித உடம்பில் மிகவும் அந்தரங்கமான இடம் எது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது தப்பு. அது நம்மால் பார்க்க முடியாத, ஆனால் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இந்த இடம்தான்.

அப்போது வார்டு வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரோ சொல்லி வந்திருக்கிறார். நர்ஸ் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒருதடவை செஞ்சு காட்டும்மா" என்றார். பிறகு என்னிடம், "வீட்டுக்கு வா" என்றார். சின்ன வயதில் அவரை நீ என்றுதான் பேசுவேன். இடையில் பேச்சு குறைந்துபோன வருஷங்களில் அது நீங்க ஆகிவிட்டது. "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டார். துணிப்பையை அல்ல, மூத்திரப் பையை.

அண்ணன் வீடு ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தொண்டைமண்டலத்து ஊர்ப்பெயர்களில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்தவைதான். நீரைத் தாங்கி நிற்பது தாங்கல். இந்தச் சொல்லுக்கு இன்னோர் உபயோகமும் உண்டு. மனத்தாங்கல் என்கிறோம். வெளியே விடாமல் உள்ளே தேக்கி வைத்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் சண்டை எதுவும் நடந்ததில்லை. கல்யாணம், காரியம் என்றால் பார்த்துக்கொள்வோம், விசாரித்துக்கொள்வோம். மனத்தாங்கல்தான் இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதற்கு வருகிறேன்.

அண்ணன் டர்னர். 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் 1967இல் சேர்ந்து, பிறகு இரண்டு மூன்று பட்டறைகள் மாறி, கண் மங்கும்வரை லேத்தில் நின்றவர். வயது 77. கை நடுங்குவதில்லை. முதல் நாள் டிரெஸ்ஸிங் செய்யும்போது ட்யூபின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, "பத்துன்னு போட்டிருக்கு. பத்து என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டார். அது பிரெஞ்சு அளவு. பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஷாரியர் என்ற தொழிலாளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்படுத்தியது. எண்ணை மூன்றால் வகுத்தால் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் வெர்னியரை எடுத்து, என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, வெளியே தெரிந்த ட்யூபை அளந்து பார்த்தார். "மூணு புள்ளி மூணு. கரெக்டா இருக்கு" என்றார். ஒரு முன்னாள் தொழிலாளி இன்னொரு காலத்துத் தொழிலாளிக்குக் கொடுத்த சான்றிதழ் அது.

ட்யூபோடு வாழ்வது என்பது சின்னச் சின்னக் கட்டளைகளோடு வாழ்வது. பை எப்போதும் சிறுநீரகத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மேலே போனால் வந்த நீர் திரும்பிப் போகும். ஆனால் தரையில் படக்கூடாது. முக்கால் பாகம் நிறையும்வரை காத்திருக்கக் கூடாது, கனம் ட்யூபை இழுக்கும். வலதுபக்கம் படுக்கக் கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு இடுப்புக்குக் கீழேதான் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ட்யூபை அப்படியே தொங்கவிடக் கூடாது. தோலோடு ஒரு வளையம் சுற்றி மைக்ரோபோரால் ஒட்டவேண்டும். யாராவது இழுத்தால் அந்த இழுப்பு பிளாஸ்டரோடு நிற்கவேண்டும், சிறுநீரகம்வரை போகக்கூடாது. ட்யூப் உருவிக்கொண்டு வந்துவிட்டால் உடனே ஓடவேண்டும். உடம்பு அந்த வழியைச் சில மணி நேரத்தில் மூட ஆரம்பித்துவிடும். உடம்புக்கு நன்றி தெரியாது. தன்னைக் காப்பாற்றிய துளையையும் அது காயம் என்றுதான் நினைக்கிறது.

அண்ணன் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வருவார். பழைய பிளாஸ்டரை ஸலைனில் நனைத்து மெதுவாக உரிப்பார். துளையிலிருந்து ஆரம்பித்து வெளிப்புறமாக வட்டமாகத் துடைப்பார். ஒருபோதும் வெளியிலிருந்து உள்ளே வரமாட்டார். பிறகு பெட்டாடின். நடுவில் பாதிவரை வெட்டிய காஸ் துண்டு ட்யூபைச் சுற்றிக் காலர்போல உட்காரும். அண்ணி முந்தின நாளே துண்டுகளை வெட்டி மூடி வைத்திருப்பாள். பதினைந்து நிமிஷ வேலை. பேச்சு கிடையாது. கடைசியில் மட்டும் என் முதுகைப் பற்றி இரண்டு வரி. நான் படித்த விமர்சனங்களில் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு பயனுள்ளதாக எதுவும் இருந்ததில்லை.

சிறுநீரகம் என்பது பிற்காலத்துச் சொல். பழைய சொல் குண்டிக்காய். எங்கள் பேச்சில் இரண்டுமே புழங்கவில்லை. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகுதான் கிட்னி என்ற வார்த்தை எங்கள் தெரு டீக்கடைக்கு வந்தது. அந்த வருஷக் கடைசியில் நியூயார்க்கில், புரூக்ளினில், அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவர் அவருடைய அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. அவர் வாழ்ந்த ராமாவரம் தோட்டம் இங்கிருந்து மேற்கே அதிக தூரமில்லை. அண்ணன் ஒருநாள் அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அவ்வளவு பெரிய மனுஷனுக்கும் அண்ணன் வீட்டிலேர்ந்துதான் வரவேண்டியிருந்தது" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர்தான் வெளியே வருகிறது. மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. சிறுபத்திரிகை ஆசிரியர்கள்கூட இந்த விகிதத்தில் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு வித்தியாசம், இது நல்லதைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கழிவை மட்டும் வெளியிடுகிறது. உருவம், உள்ளடக்கம் என்று முப்பது வருஷம் கட்டுரை எழுதியவனின் உள்ளடக்கம் இரண்டு லிட்டர் பையில் மில்லிலிட்டர் கோடுகளோடு கட்டில் கால்மாட்டில் தொங்குகிறது. வருகிற நண்பர்கள் அதைப் பார்க்காமல் இருக்கப் படுகிற பாடு பரிதாபம். ஜன்னல் வழியாக மெட்ரோ ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு கவிதையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இந்தச் சிறுநீரகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது. தேங்கினது வடிந்து ஆறு வாரம் ஆகட்டும். தினமும் பையில் எவ்வளவு வருகிறது என்று எழுதி வையுங்கள். நாளைக்கு 400 மில்லியாவது வரவேண்டும். அந்தக் கணக்கையும் ஸ்கேனையும் வைத்துப் பார்ப்போம். உருப்படியாக இல்லையென்றால் வெறுமே வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, எடுத்துவிடலாம்.

அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தேதி, நேரம், மில்லி, நிறம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பையின் கோடுகளை அவர் நம்பவில்லை. பை உப்பும்போது கோடு பொய் சொல்லும் என்றார். மருந்துக் கடையில் அளவு ஜாடி ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறையும் அதில் ஊற்றி, ஜாடியைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து படிப்பார். 77 வயதில் அப்படிக் குனிவது எளிதல்ல. முதல் வாரம் 610, 540, 520. அப்புறம் 460, 430. நான்காவது வாரத்தில் 410. என் ஆயுளின் ஒரு பங்கு அந்த நோட்டில் சிறுத்துக்கொண்டு வந்தது.

ஒருநாள் 375 வந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "நானூறுன்னு போடுங்களேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "பீஸ் அளவுல கம்மியா இருந்தா கம்மின்னுதான்டா எழுதணும்" என்றார். "கூடப் போட்டு அனுப்பிடலாம். இன்ஸ்பெக்ஷன்ல தப்பிக்கக்கூடத் தப்பிக்கலாம். மாட்டற இடத்துல மாட்டாது." 375 என்று எழுதினார். நிறம் என்ற கட்டத்தில் வைக்கோல் என்று எழுதினார்.

அன்று முழுவதும் எனக்கு அவமானமாக இருந்தது. பொய் சொல்லச் சொன்னதற்காக மட்டுமல்ல. எவ்வளவு பழகிய குரலில் சொன்னேன் என்பதற்காக. ஒரு வரி இன்னும் கொஞ்சம் நன்றாக விழவேண்டும் என்பதற்காக உண்மையைக் கால் அங்குலம் நகர்த்தும் குரல் அது. அதை என் வாழ்நாள் முழுக்க உபயோகித்திருக்கிறேன். கலை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி. வலப்பக்கம் இறுக்கிப் பிடித்ததுபோல வலியில் விழித்தேன். பையைப் பார்த்தேன். படுக்கும்போது இருந்த அளவேதான் இருந்தது. அண்ணனைக் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்த சத்தத்திலேயே அடுத்த அறையில் விளக்கு எரிந்தது. ட்யூபைத் துளையிலிருந்து பைவரை விரலால் தடவிக்கொண்டு வந்தார். இடுப்பு மடிப்பில் ஓர் இடத்தில் நெளிந்திருந்தது. நீட்டினார். சொட்டவில்லை. கழுவிக்கொண்டு வந்தார். சிரிஞ்சில் 10 மில்லி ஸலைன். இணைப்பை ஸ்பிரிட்டால் துடைத்து, மாட்டி, மிக மெதுவாக அழுத்தினார். இழுக்கக் கூடாது, பலமாகத் தள்ளவும் கூடாது. எதிர்ப்பு தெரிந்தால் நிறுத்திவிடவேண்டும். நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி கொஞ்சம். எனக்கு உள்ளே எங்கோ குளிர்ச்சியாக ஏதோ நகர்ந்தது. மறுபடி பையை மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். காய்ச்சல் அளந்தார். இல்லை. "ஒரு மணி நேரம் பார்ப்போம். வரலைன்னா ஆட்டோ கூப்பிடறேன்" என்றார்.

இரண்டு பேரும் ட்யூபின் நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அன்னைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்" என்றார்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாக அரசாங்கக் கணக்கு. அடையாறு கரையை மறந்தது. ஈக்காட்டுத்தாங்கல் தண்ணீருக்குள் போயிற்று. நான் மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்தேன். தொலைபேசி செத்துவிட்டது. சைதாப்பேட்டைப் பாலத்தை மூடிவிட்டார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பாலத்தைத் திறந்த பிறகும் நான் போகவில்லை. பதினான்காம் நாள்தான் போனேன், நிவாரணத் தொண்டர்களைப்போல இரண்டு போர்வையும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு. வாசலில் மெத்தைகள், பீரோக் கதவு, சேறு. அண்ணி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் முதலில் கேட்டது, "மாடிப்படிக்குக் கீழே இருந்த என் பெட்டி?" என்றுதான். என் அறையில் இடமில்லாமல் அங்கே வைத்திருந்த பெட்டி. 'நடை', 'கசடதபற', 'பிரக்ஞை' இதழ்கள். கூழாகப் போயிருந்தன. அண்ணன் மன்னிப்புக் கேட்பதுபோல, "உன்னுதைத் தூக்க முடியலடா" என்றார். அந்த வீட்டில் எதைத்தான் தூக்க முடிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

2016 தொடக்கத்தில் வெள்ளம் பற்றி ஒரு கவிதை எழுதினேன். தண்ணீர் ஒரு பழைய உறவினரைப்போல வாசலில் தயங்கி நின்று, செருப்புகளை மிதக்கவிட்டு, நிலைப்படி தாண்டி உள்ளே வருகிறது. நண்பர்கள் அந்தத் தயக்கத்தைப் பாராட்டினார்கள். அனுபவத்தின் ஈரம் என்றுகூட ஒருவர் எழுதினார். பெருமையோடு அந்த இதழை அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் கவிதை படிக்கிறவர் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

"தண்ணி வாசல் வழியா வரலடா" என்றார் இப்போது. "வாசல்ல மணல் மூட்டை போட்டு, சந்துல பழைய புடவையெல்லாம் திணிச்சுட்டு நானும் உங்க அண்ணியும் காவல் உட்கார்ந்திருந்தோம். தெருவையே பார்த்துக்கிட்டு. பின்னாடி கக்கூஸ்ல கொடகொடன்னு சத்தம். அவதான் போய்ப் பார்த்தா. வெளியே போகவேண்டியதெல்லாம் திரும்பி வந்துக்கிட்டு இருந்துச்சு. ஆறு மேல ஏறிட்டா சாக்கடை எங்க போகும்? வாசல் தண்ணி உள்ளே வந்தப்ப எங்களுக்கு ஏற்கெனவே முழங்கால் வரைக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கவிதை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "அளவுதான் தப்பு."

பத்து வருஷமாக அவர் தாங்கிக்கொண்டிருந்தது இதுதானா, அல்லது பெட்டியைப் பற்றி நான் கேட்ட கேள்வியா, அல்லது அந்தப் பதினான்கு நாட்களா என்று தெரியவில்லை. மூன்றும் ஒன்றுதானோ என்னவோ. நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவன். முன்னால் தெரிவதை வைத்து எழுதினவன். அதுகூட இல்லை, எட்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, முன்னால் தெரிந்திருக்கும் என்று நினைத்ததை வைத்து எழுதினவன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. அதற்கான வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. அது தயாராக இருந்ததே காரணமாக அதைச் சொல்லவில்லை.

"அண்ணா, நீ போய்ப் படு" என்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நீ என்று வந்துவிட்டது.

"இரு, சொட்டட்டும்" என்றார்.

மூன்று மணிக்கு ட்யூபுக்குள் வெள்ளையாக மணல்போல ஏதோ நகர்ந்து வந்தது. பின்னால் கொஞ்சம் இளஞ்சிவப்பு. அப்புறம் தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக. அண்ணன் நோட்டை எடுத்து நேரத்தை எழுதினார். அடைப்பு, கழுவியது 10 மில்லி என்று குறித்தார். மறுநாள் மொத்தத்திலிருந்து அந்தப் பத்தை மறக்காமல் கழித்தார்.

ஆறு வாரம் முடிந்து நோட்டோடு போனோம். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். "யார் எழுதினது?" என்று கேட்டார். 375ஐப் பார்த்தார். அடைப்பு வந்த நாளைப் பார்த்தார். அதன் பிறகு 420, 440 என்று ஏறியிருந்ததையும் பார்த்தார். அரையடைப்பு முன்பே இருந்திருக்கும், அதனால்தான் குறைந்துகொண்டு வந்திருக்கிறது என்றார். அந்த 375ஐ 400 என்று மாற்றியிருந்தால் இந்தக் கதையை அவரால் படித்திருக்க முடியாது. ஸ்கேனில் மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கை வலது செய்கிறது என்று வந்தது. வைத்துக்கொள்ளலாம். சுருங்கின இடத்தை வெட்டி இணைக்கலாமா என்று பிறகு பார்க்கலாம். அதுவரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ட்யூபை மாற்றவேண்டும். போன வாரம் முதல் தடவையாக மாற்றினார்கள். பழைய துளையில் பழைய ட்யூப் வழியாகவே கம்பியை விட்டுப் புதியதை இறக்கினார்கள். இதுவும் பத்துதானா என்று அண்ணன் உறுதி செய்துகொண்டார்.

நான் மயிலாப்பூருக்குத் திரும்பவில்லை. போகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அங்க யாரு பார்ப்பா?" என்றாள் அண்ணி, காஸை வெட்டிக்கொண்டே.

இதை எழுதி முடித்ததும் அண்ணனிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். பென்சிலால் இரண்டு திருத்தம் செய்தார். பை தொங்குவது கட்டிலின் தலைமாட்டில் என்று எழுதியிருந்தேன். கால்மாடு. அந்த ராத்திரி சொட்ட ஆரம்பித்தது இரண்டரை மணிக்கு என்று எழுதியிருந்தேன். நோட்டில் மூன்று என்று இருக்கிறது. இரண்டையும் மாற்றிவிட்டேன்.

வெள்ளம் பற்றிய பக்கத்தில் அவர் எதையும் திருத்தவில்லை.